ட்ருகனினாக்காரன் தந்த சாட்சியம்

அக்கா,

இன்று காலை கந்தோரைத் திறந்தபோது உங்கள் மேசையில் எறும்பு. ஜன்னல் விளிம்பிலிருந்து இறங்கி, பிரிண்டருக்குப் பின்னால் வளைந்து, உங்கள் இழுப்பறைக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். பழைய ஸ்டேப்ளருக்கும் நீங்கள் இரவல் வாங்கித் திருப்பித் தராத என் மடக்குக் குடைக்கும் நடுவில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே பாதி மிச்சமிருந்த உலர்ந்த மல்பெரி. பசி வந்தால் அதில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொள்வீர்கள். வழக்கு விஷயமாகக் கட்சிக்காரர் யாராவது வந்துவிட்டால் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் பேசுவீர்கள்.

கீழே கடைக்குப் போய் எறும்பு மருந்து வாங்கிவந்து அடித்தேன். ஒன்றையும் விடவில்லை. உங்கள் சாமானில் வாய் வைத்தவர்களை மன்னிக்கிற மனநிலையில் நான் இப்போது இல்லை.

இதை நீங்கள் வாசிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தாலும் வாசித்திருக்க மாட்டீர்கள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் சுருண்டு படுத்திருக்கும் பூனைகள்போல் இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். நாம் சண்டை பிடித்ததும் சமாதானமானதும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த மொழியில் எழுத உட்கார்ந்தால் எனக்கு விசா வழக்குப் பார்க்கிற தொழில் புத்தி வந்துவிடுகிறது. இரண்டு பக்க நியாயத்தையும் எழுதத் தொடங்கிவிடுகிறேன். இன்று எனக்கு ஒரு பக்கம் போதும்.

நீங்கள் முதலில் இந்தக் கந்தோருக்கு வந்தது உங்களுக்காக அல்ல. சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரில், கீழ்க்கடையில் ரோல்ஸ் பொரிக்கிற வாசம் ஏறிவரும் இந்த மாடி அறைக்கு, உங்கள் நாட்டுப் பெண் ஒருத்தியின் விசா விஷயமாக, மொழிபெயர்க்க என்று கூட வந்தீர்கள். நான் அவளோடு பேசிக்கொண்டிருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே என் கடிதத்தைத் தலைகீழாக வாசித்துவிட்டு, "இந்தப் பந்தி பலவீனம்" என்றீர்கள். அதைச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டேன். காபூலில் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்ததாகச் சொன்னீர்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நீங்கள் போனபிறகு வாசித்துப் பார்த்தேன். பந்தி பலவீனம்தான். அடுத்த கிழமையே உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்த நாட்டுச் சட்டப்படி நீங்கள் வழக்கறிஞர் இல்லை. திரும்பவும் படித்துப் பரீட்சை எழுதவேண்டும் என்றார்கள். அதனால் உங்கள் கதிரைக்கு உதவியாளர் என்று பெயர். போனை எடுத்து, "ஓம், சொல்லுங்கோ" என்பீர்கள். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே பாதிச் சனத்தைச் சமாளித்தீர்கள். ஒருநாள் ஓர் அங்கிள் என்னிடம் கேட்டார்.

"உங்கட கந்தோரில போன் எடுக்கிற பிள்ளை எந்த ஊர் தங்கச்சி? நல்ல மரியாதையான பிள்ளை."

"காபூல், அங்கிள்."

"அது எங்க, மன்னாருக்கு அங்காலயோ?"

உங்களிடம் வந்து சொன்னேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், கொஞ்சம் அங்கால" என்று தமிழிலேயே சொன்னீர்கள்.

உங்கள் கதையை நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. போட்டோக்கொப்பி எடுக்கும்போது கொஞ்சம், பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம். அங்கே நீங்கள் வாங்கிக்கொடுத்த விவாகரத்துகளில் ஒன்று பரீதாவுடையது. அவளுடைய புருஷன் அடித்து அவள் வலது கையை முறித்தவன். அது பொருந்துவதற்குள் மறுபடியும் முறித்தவன். அவனைக் கூண்டில் நிறுத்தி, விவாகரத்து வாங்கி, மகள் மீனாவைத் தாயிடமே விடவைத்து, அவனைச் சிறைக்கும் அனுப்பினீர்கள். பிறகு ஆட்சி மாறியது. மார்க்கத்தின் பெயரால் ஆள்கிறோம் என்று சொன்னவர்கள் நகரத்துக்குள் வந்தவுடனே சிறைக் கதவுகள் திறந்தன. வெளியே வந்தவன் முதலில் தேடியது மனைவியை அல்ல, உங்களை. நீங்கள் ஒரு கைப்பையோடு விமானம் ஏறினீர்கள்.

உங்களைப் போன்ற பெண்கள் இனி வழக்காடக்கூடாது என்றார்கள். பழைய நீதிமன்றங்கள் கொடுத்த விவாகரத்துகளைக் கிளறி எடுத்தார்கள். புதிய நீதவான் பரீதாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. புருஷன் சம்மதித்தானா? இல்லை. அப்படியானால் விவாகரத்தும் இல்லை, வீட்டுக்குப் போ. பரீதா வீட்டுக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி, பாகிஸ்தானில் ஒரு நகரத்தில், ஜன்னல் இல்லாத அறை ஒன்றில் ஒளிந்தாள். அவளையும் மீனாவையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவருவதுதான் நாம் இருவரும் தலையைக் கொடுத்த வேலை.

எங்கள் ஆட்களில் ஒருவர், நல்ல மனிதர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவையின்ர சமயப் பிரச்சினைக்குள்ள நீங்கள் ஏன் தலையை விடுறீங்கள்?" என்று கேட்டார். நீங்கள் நேரம் தவறாமல் தொழுகிறவர் என்பது அவருக்குத் தெரியாது. நோன்பு மாதத்தில் நான் ஸ்டோர் அறைக்குள் நின்று திருட்டுத்தனமாக வடை தின்பதும், நீங்கள் வெளியிலிருந்து "சம்பல் வாசம் வருகிறது" என்று குரல் கொடுப்பதும் அவருக்கு எங்கே தெரியப்போகிறது. அவர் கேட்டதை உங்களிடம் சொன்னேன். "அவர்கள் கடவுளைத் தங்கள் தரப்பு வழக்கறிஞர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை" என்றீர்கள்.

இனி அவன். பெயரை எழுதமாட்டேன். நீங்களும் ஒருநாளும் சொன்னதில்லை, ட்ருகனினாக்காரன் என்றுதான் சொல்வீர்கள். பரீதாவின் புருஷனுடைய அண்ணன். இந்த நாட்டில் நீங்கள் முதலில் வந்து இறங்கியது மெல்பேர்ணில். ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு பெரிய கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. அந்தக் கிடங்குக்கு வேலையாட்களைப் பிடித்துக் கொடுக்கிறவன் அவன். ஒருநாள் ஆட்களைப் பார்வையிட வந்தவன் உங்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். "என் தம்பியைச் சிறைக்கு அனுப்பியவள் நீதானே" என்றான். அடுத்த கிழமை உங்களுக்கு அங்கே வேலை இல்லை. அதற்கு அடுத்த கிழமை நீங்கள் சிட்னிக்கு பஸ் ஏறினீர்கள்.

எனக்கு அவன்மேல் ஆத்திரம் அதனால் மட்டும் இல்லை. அவன் யார்? அதே ஆட்கள் முன்னொரு தடவை ஆண்டபோது அவர்களுக்குப் பயந்து படகில் வந்தவன். இந்த நாடு அவனுக்கு அடைக்கலம் கொடுத்தது, குடியுரிமை கொடுத்தது. புது வீட்டுத்திட்டத்தில் இரண்டு மாடி வீடு கட்டினான். எல்லாம் நல்லது, எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் தன்னை விரட்டிய அதே கூட்டத்தின் நீதிமன்றம் தம்பிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னவுடன் அந்த நீதிமன்றம் அவனுக்குப் புனிதமாகிவிட்டது. அவனுக்கு அடைக்கலம், அவளுக்கு வீட்டுக்குப் போ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போகிற வழியில் உங்களையும் ஏற்றிக்கொண்டேன். பிறகு சேர்ந்து பரமட்டாவில் சாமான் வாங்குவதாக இருந்தது. நீங்கள் காரிலேயே இருந்தீர்கள். நானும் அம்மாவும் உள்ளே போய் அர்ச்சனை முடித்து, உங்களுக்கென்று கன்ரீனில் மசாலா தோசையும் கட்டிக்கொண்டு வந்தால், நீங்கள் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். அவனுடைய குரல் பதிவு. எனக்கு மொழிபெயர்த்தீர்கள். முதலில் உங்கள் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி, சிட்னிக் குளிர் ஒத்துக்கொள்கிறதா. பிறகு காபூலில் உங்கள் தங்கை சுகமா, இன்னும் அதே வீட்டில்தானா. பிறகு, பரீதா இருக்கிற நகரத்தின் பெயர், அவள் தெருமுனையில் இருக்கிற பாண் சுடுகிற கடையின் பெயர். கடைசியாக, உங்களுக்காகப் பிரார்த்திப்பதாக ஒரு வசனம்.

"என்ன பிள்ளை, ஏன் முகம் கறுத்துக் கிடக்கு?" என்று அம்மா பின்சீட்டிலிருந்து கேட்டார். நான் சுருக்கமாகச் சொன்னேன்.

"பொலிசுக்குச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது அம்மா? சுகம் விசாரிச்சவன் எண்டோ?"

அதுதான் அவனுடைய கெட்டித்தனம். ஒரு சொல்லிலும் பிடிக்கமுடியாது. மசாலா தோசையை நீங்கள் தொடவில்லை. நான்தான் வீட்டில் சூடாக்கித் தின்றேன், அவனைத் திட்டிக்கொண்டே தின்றேன். அதற்குள் நீங்கள் பரீதாவுக்குப் போன் எடுத்து வேறு அறைக்கு மாறச் சொல்லிவிட்டீர்கள்.

விசா கொடுக்கிற குடிவரவுத் திணைக்களம் எங்களுக்கு இரண்டு பக்கமும் கதவடைத்து வைத்திருந்தது. விவாகரத்து செல்லுமென்றால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆபத்து என்று கேட்டார்கள். செல்லாதென்றால் அவள் இன்னும் மனைவி, அப்போது பிள்ளைக்குத் தகப்பனின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். விவாகரத்தை ரத்துச் செய்த தீர்ப்பின் பிரதி ஒன்று இருந்தால் ஆபத்தைக் காட்டியிருக்கலாம். அதை எப்படி எடுப்பது? அங்கே ஒரு பெண் தனியாக நீதிமன்றத்துக்குள் போகமுடியாது, ஆண்துணை வேண்டும். அவர்கள் கணக்கில் பரீதாவுக்கு ஆண்துணை அவள் புருஷன்தான். நீங்கள் உங்கள் பழைய குமாஸ்தாவைக் கேட்டீர்கள், குமாஸ்தாவின் மைத்துனரைக் கேட்டீர்கள். எல்லோரும் பயந்தார்கள். பயந்தவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் உங்கள் உடம்புக்கு முடியாமல் போனது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டியதைப் பற்றி நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் முக்காடு போடவில்லை என்று குறை சொன்னவர்களுக்கு இப்போது சந்தோஷமாக இருக்கும்." நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை.

பிறகு அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் கட்சிக்காரருக்குப் பாதகமான தகவல் ஒன்று எங்களுக்குக் கிடைத்திருக்கிறது, பதில் சொல்லுங்கள் என்று. இணைப்பைத் திறந்தேன். ட்ருகனினாக்காரன் தானாகவே அவர்களுக்கு எழுதியிருந்தான். பரீதா தன் தம்பியின் சட்டபூர்வமான மனைவி, விவாகரத்து செல்லாதென்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, பிள்ளையைத் தகப்பனுக்குத் தெரியாமல் கடத்திக்கொண்டு போயிருக்கிறாள், விசா கொடுக்கக்கூடாது. கூடவே அந்தத் தீர்ப்பின் பிரதி, முத்திரையோடு. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அதுவும் போதாதென்று மெல்பேர்ணில் இருக்கிற பெரிய மனிதர்கள் இருவர் கையொப்பமிட்ட சாட்சியம். அவள் எங்கே இருந்தாலும் பிடித்துக் கணவனிடம் ஒப்படைப்பது குடும்பத்தின் கடமை என்று அதில் எழுதியிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கடிதத்தை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மொழிபெயர்ப்பை வாசித்தீர்கள். மூலத்தையும் வாசித்தீர்கள். திரும்ப மொழிபெயர்ப்புக்கு வந்தீர்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினீர்கள். அதற்கு முன் உங்கள் சிரிப்பு எல்லாம் மரியாதைச் சிரிப்பு. இது வேறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கீழ்க்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தீர்கள்.

"ஏன் இரண்டு பேர் என்று விளங்குகிறதா?" என்று கேட்டீர்கள். எனக்கு விளங்கவில்லை. அந்த நீதிமன்றத்தில் ஓர் ஆணின் சாட்சி போதாது, இரண்டு ஆண்கள் வேண்டும், ஓர் ஆணுக்குப் பதில் பெண் என்றால் இருவர் வேண்டும் என்று விளக்கினீர்கள். அவனுக்கு அது ஊறிப்போன பழக்கம். முத்திரை வைத்த தீர்ப்பும் இரண்டு ஆண்களும் இருந்தால் கன்பராவில் இருக்கிற அதிகாரியும் எழுந்து நின்று ஒப்புக்கொள்வார் என்று நம்பியிருக்கிறான்.

"நாம் எங்கெல்லாம் தேடினோம். முத்திரை குத்தி, மொழிபெயர்ப்பும் செய்து, சாட்சியோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்திருக்கிறான். இவனுக்கு ஒரு கேக் அனுப்பவேண்டும்" என்றீர்கள்.

பதிலை மருந்து ஏற்றும் கதிரையில் இருந்தபடி நீங்கள் சொல்லச் சொல்ல, நான் மடிக்கணினியில் அடித்தேன். முதல் வரைவை நான் தனியாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். காட்டுமிராண்டித்தனம், வெட்கக்கேடு, நயவஞ்சகம் என்று ஒரு பக்கம் முழுக்க. ஊசி குத்தாத கையால் ஒவ்வொன்றாக வெட்டினீர்கள். "கோபத்துக்குப் பந்தி இலக்கம் போடு. இலக்கம் போடமுடியாத கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோ" என்றீர்கள். வீட்டில் இனி இடமில்லை அக்கா என்றேன்.

முதல் பந்தி உங்களுடையது. நான் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. 'இந்த ஆவணங்களை நாங்கள் மறுக்கவில்லை. இவற்றையே எங்கள் சாட்சியமாகச் சமர்ப்பிக்கிறோம்.' இரண்டாவது பந்தியில், ஒளிந்திருக்கிற பெண்ணைப் பிடித்துத் தரவேண்டும் என்று கேட்கிற தரப்பிடம்தான் அவளுடைய பிள்ளைக்குச் சம்மதக் கடிதம் வாங்கச் சொல்கிறீர்களா என்று கேட்டீர்கள். அதை நான் அடித்து முடித்தபோது பக்கத்துக் கதிரையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்கார மனிதர், யாரையோ நல்லாய் மாட்டிவிட்டீர்கள்போல் இருக்கிறதே என்றார். "அவராகவே வந்து மாட்டிக்கொண்டார்" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் என்னைக் கேட்டீர்கள், உனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம், அவன் உன் ஆள்கூட இல்லையே என்று. நான் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். ஊரில் யுத்த நேரம் விசாரணைக்கு என்று வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. கூட்டிக்கொண்டு போனவனின் முகம் எனக்குத் தெரியும், மீசைக்கு மேல் ஒரு மச்சம். அவன் எந்த நீதிமன்றப் படியிலும் ஏறவில்லை. ஒருவரும் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மா இன்னும் கோயிலில் அண்ணாவின் பெயருக்கு உயிரோடு இருக்கிற ஆளுக்குச் செய்வதுபோல் அர்ச்சனை செய்கிறார். எனக்கு நீதி என்ற பெரிய சொல்லெல்லாம் வேண்டாம் அக்கா, இப்படிப்பட்ட ஒருவன், ஒரே ஒருவன், ஒரு பெண்ணுக்கு முன்னால் நின்று பதில் சொல்வதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றேன். பழிவாங்கவேண்டும் என்றேன். அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

நீங்கள் மடிக்கணினியை விரலால் தட்டிக் காட்டினீர்கள். "பழி உனக்கு, தீர்ப்பு எனக்கு. வேலை ஒன்றுதான்" என்றீர்கள்.

பதிலை அனுப்பினோம். திணைக்களம் வாயே திறக்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் காலையில் மின்னஞ்சல் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னீர்கள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கண்ணைத் திறந்து, "வந்ததா?" என்று மட்டும் கேட்டீர்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். முடிவு தெரியாமல் நீங்கள் போனதற்காக நான் திணைக்களத்தையும் மன்னிக்கவில்லை, அவனையும் மன்னிக்கவில்லை.

ரூக்வூட்டில் உங்களை அடக்கம் செய்த அன்று அவன் மெல்பேர்ணிலிருந்து வந்திருந்தான். நம்புவீர்களா? கறுப்புக் கோட்டுப் போட்டு ஆண்களின் முதல் வரிசையில் நின்றான். பெண்கள் நாங்கள் தள்ளி யூகலிப்டஸ் மரத்தடியில். எங்கள் ஊரிலும் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, அதனால் எனக்கு அது புதிதல்ல. ஆனால் உங்களை ஊரைவிட்டுத் துரத்திய குடும்பத்துக்காரன் உங்கள் குழிக்குப் பக்கத்தில், நான் மரத்தடியில். முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "அவர் எங்கள் சகோதரி. இறைவன் அவரை மன்னிக்கட்டும்" என்றான். என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதை அவன் முகத்தில் ஊற்றாமல் இருந்தது என் வாழ்க்கையில் நான் காட்டிய மிகப் பெரிய பொறுமை. ஆண்கள் கார்களுக்குப் போனபிறகு நாங்கள் பெண்கள் வந்து ஒவ்வொருவராக மண் போட்டோம். நான் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். செருப்பெல்லாம் மண்.

விசா வந்தது. நீங்கள் போய் மூன்றாவது மாதத்தில் வந்தது. கடிதத்தில் அதிகாரி காரணம் எழுதியிருந்தார். மூன்றாம் நபர் சமர்ப்பித்த ஆவணங்கள் விண்ணப்பதாரரின் அச்சத்தை உறுதிப்படுத்துகின்றன என்று. அந்த வரியை உங்கள் கதிரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன். கீழ்க்கடையில் ரோல்ஸ் வாங்கி அன்று வந்த சனத்துக்கெல்லாம் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஓர் எதிரியின் உபயம் என்றேன்.

விமான நிலையத்துக்கு அம்மாவும் வந்தார். பரீதா நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். பெட்டியை இடக்கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை அவளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. பெயரைக் கேட்ட அம்மாவுக்குத் தாங்கவில்லை. "மீனாவோ? அப்ப எங்கட பிள்ளைதான்" என்று வாரித் தூக்கிவிட்டார். பிள்ளை அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, அம்மாவின் சங்கிலியைப் பிடித்துப் பார்த்தது. பரீதா வாசலில் நின்றவர்களை எல்லாம் ஒருமுறை தேடினாள். உங்களைத்தான் தேடினாள். போனில் சொல்லியிருந்தோம், அவளுக்குத் தெரியும். இருந்தும் தேடினாள்.

அத்தோடு அவன் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் நானும் ஒருவேளை விட்டிருப்பேன், சத்தியமாகச் சொல்லமுடியாது. அவர்கள் வந்து ஆறாவது மாதம் மெல்பேர்ணிலிருந்து கார் ஓட்டி வந்து, பெரிய பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மீனாவின் பள்ளிக்கூட வாசலில் நின்றான். நான் பெரியப்பா, பிள்ளையைத் தகப்பனோடு பேசவைக்கவேண்டும் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறான். ஆசிரியை கெட்டிக்காரி, பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு பரீதாவுக்குப் போன் எடுத்தாள். பரீதா எனக்கு எடுத்தாள். அவள் குரல் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. பொலிசு வந்தது. இம்முறை சுகம் விசாரித்தவன் என்று சொல்லவேண்டி இருக்கவில்லை. அவனே திணைக்களத்துக்கு அனுப்பிய, பிடித்து ஒப்படைப்பது கடமை என்ற சாட்சியம் இருந்தது.

அவன் பரீதாவையும் பிள்ளையையும் நெருங்கக்கூடாதென்று பொலிசு கேட்ட தடையுத்தரவு பரமட்டா நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அவன் எதிர்த்தான். வழக்கறிஞர் பிடித்திருந்தான், அந்த இரண்டு பெரிய மனிதர்களையும் கூட்டி வந்திருந்தான். அவர்கள் நாள் முழுக்க வெளியே கதிரையில் இருந்தார்கள், ஒருவரும் அவர்களைக் கூப்பிடவில்லை. நீதவான் ஒரு பெண். அறைக்குள் வந்து அதைக் கண்டதும் அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு எல்லோரையும்போலத் தலை குனிந்தான். நான் பின்வரிசையில் இருந்து அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

பரீதா மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னாள். அழவில்லை. நடந்ததை நடந்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக. அவன் தரப்புக் கேள்விகளும் முடிந்தன. போகலாம் என்றார்கள். அவள் எழும்பவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் மெல்ல ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர், வயதான பெண், அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்னோடு சேர்ந்து சொல்லவேண்டிய மற்றப் பெண் யார் என்று கேட்கிறார்."

நீதவானுக்கு முதலில் விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் ஒருவர் சொன்னது போதும்" என்றார். அதைப் பரீதாவின் மொழியில் கேட்டபோதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். தடையுத்தரவு அன்றே கிடைத்தது.

வெளியே படியில் அவன் எனக்காகக் காத்து நின்றான். பரீதாவைப் பொலிசுக்காரி வேறு வழியால் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டிருந்தான். முதல் தடவையாக அவன் கிழவனாகத் தெரிந்தான். எனக்கு இரக்கம் வருமோ என்று பயந்தேன், நல்லவேளை வரவில்லை.

"அந்த வழக்கறிஞர் பெண் செத்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்குள் என் பெயர் நாறிவிட்டது. என் தம்பியால் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கமுடியாது. இப்போது உனக்குத் திருப்தியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் தீர்ப்பு வந்துவிட்டது, போய்வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருப்பீர்கள். நான் பரீதாவின் வலது கையை நினைத்தேன். காபூலில் இன்னும் அதே கேள்வியைக் கேட்டுப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற நீதவானை நினைத்தேன். மீசைக்கு மேல் மச்சம் உள்ளவனை நினைத்தேன். "வந்ததா?" என்று கேட்ட உங்களை நினைத்தேன்.

"இல்லை" என்றேன்.

நான் மேலே ஏதோ சொல்வேன் என்று அவன் காத்து நின்றான். அவன்தான் முதலில் கண்ணை எடுத்தான்.

நாட்கள் போய்விட்டன அக்கா. எல்லோரும் என்னை விட்டுவிடச் சொல்கிறார்கள், அம்மாகூடச் சொல்கிறார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன். அவன் இன்றைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டாலும் என்னிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான்.